வாடகைக்குள் ஒளிந்திருக்கும் பள்ளியும் பாதுகாப்பும்

வீடு மாறத் தீர்மானித்த குடும்பங்கள் பலவும் ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகள் வரைகின்றன: செலவு, பள்ளி, பாதுகாப்பு. பார்த்துவைத்த பகுதிகளுக்கு ஒவ்வொன்றிலும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கூட்டிப் பார்க்கிறார்கள். கூட்டிய பிறகு வருவது பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஒரு பகுதி பள்ளியில் வாங்கியதைச் செலவில் இழந்திருக்கும். இன்னொன்று செலவில் வாங்கியதைப் பாதுகாப்பில் இழந்திருக்கும். எல்லாப் பகுதிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கும். மதிப்பெண்ணைச் சரியாகப் போடவில்லையோ என்று திரும்பவும் உட்காருவார்கள்.

போட்டதில் தவறில்லை. அப்படித்தான் வர வேண்டும். நல்ல பள்ளியும் அச்சமில்லாத தெருவும் இருக்கிற இடத்துக்கு ஆட்கள் போட்டி போடுகிறார்கள். போட்டி வாடகையை ஏற்றுகிறது. ஏறிய வாடகை அந்த நன்மைகளைத் தின்றுவிடுகிறது. மூன்று பத்திகளும் தனித்தனியானவை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் முதல் பத்தியில் இருக்கும் தொகைக்குள்ளேயே மற்ற இரண்டும் அடங்கியிருக்கின்றன.

பொருளியலாளர்கள் இதை வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். 1956-ல் சார்ல்ஸ் டீபோ எழுதிய ஒரு கட்டுரை, மக்கள் தங்களுக்கு ஏற்ற வரியும் சேவையும் உள்ள ஊரைத் தேடிக் குடிபெயர்வதையே ஒருவகை வாக்களிப்பாகப் பார்த்தது. 1982-ல் ஜெனிஃபர் ரோபாக் இன்னொரு படி போனார். ஓர் ஊரில் வாழ்வது இனிமையாக இருந்தால் அந்த இனிமை இரண்டு வழிகளில் விலையாகிறது என்பது அவருடைய கணக்கு: நிலமும் வீடும் விலை ஏறுகின்றன; கொஞ்சம் குறைந்த சம்பளத்துக்கும் அங்கே வேலை செய்ய ஆள் கிடைக்கிறது. அதனால் சம்பளத்தைப் பக்கத்தில் வைக்காமல் இரண்டு ஊர்களின் விலைவாசியை மட்டும் ஒப்பிடுவது பாதிக் கணக்குதான்.

எவ்வளவு விலை என்பதைக்கூட அளந்திருக்கிறார்கள். சான்ட்ரா பிளாக் 1999-ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைப் பற்றியது. பிள்ளை எந்த அரசுப் பள்ளியில் சேரலாம் என்பதை அங்கே வீட்டு முகவரியே தீர்மானிக்கிறது. ஒரே அக்கம்பக்கத்தில், அந்தப் பள்ளிச் சேர்க்கை எல்லைக்கோட்டின் இரண்டு புறமும் இருக்கும் வீடுகளை அவர் ஒப்பிட்டார். தெரு ஒன்று, மரங்கள் ஒன்று, காவல் நிலையம் ஒன்று; பிள்ளை போகும் பள்ளி மட்டும் வேறு. பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டுக்கு 2.5 சதவீதம் அதிகம் கொடுக்கப் பெற்றோர் தயாராக இருந்தார்கள். எல்லைக்கோட்டைக் கணக்கில் எடுக்காமல் பொத்தாம்பொதுவாக ஒப்பிட்டால் இந்தத் தொகை ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும் என்பதும் அதே ஆய்வில் உண்டு. ‘நல்ல பள்ளிப் பகுதி’ என்று நாம் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பாதிதான் பள்ளிக்குப் போகிறது. மீதி அந்தப் பகுதியின் மற்ற வசதிகளுக்குப் போகிறது.

அச்சத்துக்கும் விலை உண்டு. பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஒருவர் குடிவந்தால் அக்கம்பக்கத்து வீட்டு விலைகள் என்ன ஆகின்றன என்று லீ லிண்டன், ஜோனா ராக்காஃப் இருவரும் பார்த்தார்கள். மிக அருகில் இருந்த வீடுகள் சுமார் 4 சதவீதம் மதிப்பிழந்தன. சுமார் நூற்றறுபது மீட்டருக்குள் இருந்த வீடுகளுக்குத்தான் இந்த இழப்பு. அதைத் தாண்டிய வீடுகளில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம்.

இதெல்லாம் சரியென்றால், ‘எந்த இடம் சிறந்தது?’ என்ற கேள்விக்கு அர்த்தம் குறைகிறது. அதற்கான விடையைச் சந்தை ஏற்கெனவே வாடகையாக எழுதி வைத்துவிட்டது. கேட்க வேண்டியவை வேறு. இந்த வாடகைக்குள் இருப்பவற்றில் நான் பயன்படுத்தப்போகாதது எது? எனக்குத் தேவையானவற்றில், மற்றவர்கள் போட்டி போடாததால் மலிவாகக் கிடைப்பது எது? பிள்ளை இல்லாதவர்கள் பேர்பெற்ற பள்ளியின் எல்லைக்குள் குடியிருந்தால், வருடக்கணக்கில் யாருடைய பிள்ளைக்கோ பணம் கட்டுகிறார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் அப்படியே. சராசரி ஆளிலிருந்து நாம் எங்கே விலகுகிறோமோ, அங்கேதான் நமக்கு லாபம் இருக்கிறது.

செலவை எப்படி ஒப்பிடுவது என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆண்டுதோறும் செய்தியாகும் ‘உலகின் விலையுயர்ந்த நகரங்கள்’ பட்டியல்களைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம். மெர்சர், எகானமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் போன்ற நிறுவனங்களின் பட்டியல்கள், பன்னாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஊழியர்களுக்கு எவ்வளவு படி கொடுப்பது என்று முடிவு செய்யப் பயன்படுபவை. நியூயார்க்கை அளவுகோலாக வைத்து மற்ற நகரங்களை மதிப்பிடுவதால், நாணய மாற்று விகிதம் அசைந்தாலே ஒரு நகரம் இருபது இடம் ஏறி இறங்கும். அங்கே பிறந்து அங்கேயே சம்பாதிக்கிற ஒருவருக்கு அன்று எதுவுமே மாறியிருக்காது.

ஒரே நாட்டுக்குள், அதிலும் ஒரே நகருக்குள் மாறுகிறவர்களுக்குக் கணக்கு இன்னும் எளிது. மளிகை, உடை, மின்சாரம், தொலைபேசி எல்லாம் பகுதிக்குப் பகுதி பெரிதாக மாறுவதில்லை. மாறுபவை மூன்றே: வீடு, போக்குவரத்து, பிள்ளை பராமரிப்பும் பள்ளிக் கட்டணமும். இவற்றை மட்டும் கூட்டி வருமானத்திலிருந்து கழித்து, மிஞ்சுவதைப் பார்ப்பதே போதும். ‘வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குக் கொடுக்காதே’ என்ற அறிவுரை உலகெங்கும் பரவியிருக்கிறது. அதன் வேர் அமெரிக்கப் பொது வீட்டுத் திட்டத்தின் வாடகை உச்சவரம்பில் இருக்கிறது. 1969-ல் அது 25 சதவீதமாக வைக்கப்பட்டு, 1981-ல் 30 ஆக உயர்த்தப்பட்டது. அது நிர்வாகம் ஒன்று தனக்காகப் போட்டுக்கொண்ட கோடு. எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தும் விதி என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதிகம் சம்பாதிக்கும் தனி ஆள் 40 சதவீதம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்; ஐந்து பேர் உள்ள வீடு 25 சதவீதத்திலேயே மூச்சுத் திணறலாம்.

பயணத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கணக்கு அதிகம் தவறுவது அங்கேதான். மலிவான வீடு தொலைவில் இருக்கிறது. ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒன்றரை மணி. ஆண்டுக்கு 220 வேலை நாள் என்றால் 330 மணி நேரம். வாரம் 40 மணி நேர வேலைக் கணக்கில் எட்டு வாரத்துக்கு மேல். அந்த எட்டு வாரத்துக்கு என்ன கிடைத்தால் ஒப்புக்கொள்வோம் என்று யாரும் தங்களைக் கேட்டுக்கொள்வதில்லை. நீண்ட பயணம் செய்கிறவர்களுக்கு வாடகைக் குறைவோ கூடுதல் சம்பளமோ அந்தக் கஷ்டத்தை ஈடுகட்டியிருக்க வேண்டும் என்பது பொருளியல் கோட்பாடு. அலோய்ஸ் ஸ்டட்சரும் புரூனோ ஃபிரேயும் ஜெர்மனியின் தரவுகளை வைத்துச் செய்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில் அப்படி வரவில்லை. பயண நேரம் கூடக்கூட, மக்கள் தங்கள் வாழ்வில் இருப்பதாகச் சொன்ன நிறைவு குறைந்தது, ஈடு கிடைக்கவில்லை. பெரிய வரவேற்பறையின் மகிழ்ச்சி சில மாதங்களில் பழகிப்போகிறது. நெரிசல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக இருப்பதால் பழகுவதே இல்லை. சந்தை பெரும்பாலானவற்றைச் சரியாக விலை வைத்தாலும், பயணம் அதற்கு விலக்கு என்றே நான் நினைக்கிறேன். போட்டி போடுகிற எல்லோரும் அதைக் குறைத்து மதிப்பிட்டால் விலையும் அப்படித்தான் இருக்கும். வேலைக்கு அருகில் இருக்கும் சிறிய வீடு பலருக்கும் உண்மையான மலிவு வீடு.

இனி பள்ளி. பெற்றோர் அதிகம் பணம் கொடுப்பதும், எதற்குக் கொடுக்கிறோம் என்று குறைவாகக் கேட்பதும் இங்கேதான்.

ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண், அந்தப் பள்ளி என்ன கற்பிக்கிறது என்பதைவிட அங்கே யார் வந்து சேர்கிறார்கள் என்பதையே அதிகம் காட்டுகிறது. 1966-ல் அமெரிக்க அரசுக்காக ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் தயாரான அறிக்கை, மாணவர்களின் தேர்ச்சியில் குடும்பப் பின்னணியின் பங்கு எவ்வளவு பெரிது என்று காட்டி அதிர்ச்சியை உண்டாக்கியது. அதற்குப் பிறகு முறைகள் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றன. அந்த அடிப்படைச் செய்தி மட்டும் அப்படியே நிற்கிறது. படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி சும்மா இருந்தாலே நல்ல சராசரியைக் காட்டும். நம் பிள்ளை அங்கே போனாலும் போகாவிட்டாலும் நம் வீட்டுப் பிள்ளைதான்.

போட்டித் தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளிகளை வைத்து இதை நேரடியாகச் சோதித்தார்கள். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் அப்படிப்பட்ட புகழ்பெற்ற அரசுப் பள்ளிகளில் ஓரிரு மதிப்பெண் வித்தியாசத்தில் இடம் பெற்றவர்களையும் அதே வித்தியாசத்தில் இழந்தவர்களையும் அப்துல்கதிரோலு, ஆங்ரிஸ்ட், பதக் மூவரும் ஒப்பிட்டு 2014-ல் வெளியிட்டார்கள். உள்ளே போனவர்களின் வகுப்புத் தோழர்கள் மிகக் கெட்டிக்காரர்கள். வெளியே நின்றவர்களுக்கு அப்படி இல்லை. ஆனால் பின்னாளில் இரு தரப்பின் தேர்வு மதிப்பெண்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வாசலில் நிற்கும் பெயர்ப்பலகைக்காக வீட்டு வாடகையை இரட்டிப்பாக்கத் துணிகிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

பள்ளிகளுக்கு இடையே இருக்கும் வேறுபாட்டைவிடப் பள்ளிக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு பெரிது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பீசா தேர்வுகளில், வளர்ந்த நாடுகளின் சராசரியை எடுத்தால், மாணவர்களிடையே காணும் மொத்த வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பள்ளிக்குப் பள்ளி வருவது. மீதியெல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது. அதனால் பள்ளியைத் தேடும்போது முதல் வரிசை மாணவனின் மதிப்பெண்ணைக் கேட்பதில் பயனில்லை. நடுவில் இருக்கும் பிள்ளை என்ன ஆகிறது, பின்தங்கும் பிள்ளையை யார் கவனிக்கிறார்கள், ஆசிரியர்கள் எத்தனை வருடம் நிலைத்திருக்கிறார்கள், நடு ஆண்டில் யாராவது விலகினால் வகுப்பை யார் எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். முதல்வர் இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொன்னால் அதுவே பாதிச் சான்று.

தர வரிசைகளுக்கும் எழுத்துத் தரங்களுக்கும் சந்தை எப்படி ஆடுகிறது என்பதற்கு ஃபுளோரிடா மாநிலம் நல்ல உதாரணம். 1999-ல் அங்கே பள்ளிகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் கொடுக்கத் தொடங்கியதும் வீட்டு விலைகள் உடனே அசைந்தன என்று டேவிட் ஃபிக்லியோ, மாரிஸ் லூக்காஸ் இருவரும் காட்டினார்கள். ஆண்டுக்கு ஆண்டு தரங்கள் மாறிமாறி வந்தபோது அந்தப் பாதிப்பு தேய்ந்தது. இடையில் வாங்கியவர்கள் ஓர் எழுத்துக்காகக் கடன் சுமந்தார்கள். சேர்க்கை எல்லைகளும் நிலையானவை அல்ல. மாணவர் எண்ணிக்கை கூடினாலோ புதுப் பள்ளி வந்தாலோ கோடு திருத்தி வரையப்படும். வீட்டுத் தரகர் சொன்னதை நம்பாமல், அந்தக் கதவு எண்ணுக்கு இந்த ஆண்டு எந்தப் பள்ளி என்பதைப் பள்ளியிடமோ கல்வி அலுவலகத்திடமோ எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு என்றதும் மனம் திருடனையும் கொலைகாரனையும் நினைக்கிறது. எண்ணிக்கை வேறு பக்கம் கை காட்டுகிறது. 2021-ல் உலகில் கொலையுண்டவர்கள் சுமார் 4.58 லட்சம் பேர் என்பது ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகத்தின் கணக்கு. அதே ஆண்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் சாவுக்கு முதல் காரணம் சாலைதான். இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்தோ, சைக்கிளிலோ, மோட்டார் சைக்கிளிலோ போனவர்கள். ‘பாதுகாப்பான பகுதி’ என்று தேடி, பிள்ளை பள்ளிக்குப் போக நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் குடியேறுகிறவர்கள் ஒரு சிறிய ஆபத்தைக் கொடுத்துப் பெரிய ஆபத்தை வாங்குகிறார்கள். வாகனங்களும் பாதசாரிகளும் கலக்கும் இடங்களில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய அமைச்சர்கள் மாநாடு கேட்டுக்கொண்டது. வீடு பார்க்கப் போகும்போது வாசலில் பத்து நிமிடம் நின்று, கடந்து போகிற வாகனங்களின் வேகத்தைக் கவனித்தால் எந்த அறிக்கையும் சொல்லாதது தெரிந்துவிடும்.

குற்றப் புள்ளிவிவரத்தையும் நம்பலாம், படிக்கத் தெரிந்தால். பதிவான குற்றங்களைக் குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுத்தே விகிதம் சொல்கிறார்கள். அலுவலகங்களும் கடைகளும் நிறைந்த மையப் பகுதியில் வந்துபோகிறவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள், குடியிருப்பவர்கள் சில ஆயிரம். அங்கே விகிதம் வானத்தைத் தொடும். அதற்கும் குடியிருப்பவரின் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, போலீஸ்மீது நம்பிக்கை இருக்கும் இடத்தில் மக்கள் புகார் கொடுக்கிறார்கள். இல்லாத இடத்தில் கொடுப்பதில்லை. எண் குறைந்திருப்பது அமைதியாகவும் இருக்கலாம், விரக்தியாகவும் இருக்கலாம். கொலையும் வாகனத் திருட்டும் ஓரளவு நம்பத்தக்க எண்கள்: ஒன்றை மறைப்பது கடினம், மற்றொன்றில் பல இடங்களில் காப்பீட்டுக்குப் புகார் எண் தேவை.

அதைவிட முக்கியம், குற்றம் பகுதிகளில் பரவிக் கிடப்பதில்லை. சில தெருமுனைகளில் குவிந்து கிடக்கிறது. குற்றவியலாளர் டேவிட் வைஸ்பர்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஆராய்ந்தபோது, சுமார் 5 சதவீதத் தெருத்துண்டுகளிலேயே (இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட தெருப்பகுதி) ஏறத்தாழ பாதிக் குற்றங்கள் நடந்திருந்தன. மற்ற நகரங்களிலும் இதே போக்கு தென்பட்டது. ஒரு பகுதியின் பெயர் கெட்டுப்போனால் அதில் உள்ள அத்தனை தெருக்களின் வாடகையும் விழுகிறது. குற்றமோ இரண்டு மூன்று தெருக்களில். பெயர் கெட்ட பகுதியின் அமைதியான தெரு என்பது போட்டி போடாதவர்கள் விட்டுவைத்த மலிவுகளில் ஒன்று. அதைக் கண்டுபிடிக்கப் புள்ளிவிவரம் போதாது. மாலையிலும் இரவிலும் நடந்து பார்க்க வேண்டும்.

நடந்து பார்ப்பதும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, ஏனென்றால் ஒரே பகுதி வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக அமைகிறது. 1994 முதல் 1998 வரை அமெரிக்காவின் ஐந்து நகரங்களில், வறுமை மிகுந்த பொதுக் குடியிருப்புகளிலிருந்த சுமார் 4,600 குடும்பங்களிடையே குலுக்கல் நடத்தி, அதில் தேர்வானவர்களுக்கு வாடகை உதவிச் சீட்டு கொடுத்து, வேறு பகுதிகளுக்குப் போக வழி செய்தார்கள். குலுக்கல் என்பதால், சீட்டு கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பெரும்பாலோர் விண்ணப்பித்தது ரவுடிக் கும்பல்களிடமிருந்தும் போதைப்பொருளிடமிருந்தும் தப்பிக்க. முதல் முடிவுகள் வினோதமாக இருந்தன. பெரியவர்களின் வருமானம் உயரவில்லை. பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணும் உயரவில்லை. ஆனால் மனநலமும் பாதுகாப்பு உணர்வும் நன்றாக முன்னேறின. பதின்வயதுப் பெண்களுக்கு இடமாற்றம் நன்மை செய்தது, அதே வயது ஆண்களுக்குச் செய்யவில்லை. பிறகு ராஜ் செட்டி, நத்தானியேல் ஹென்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளின் வரிப் பதிவுகளைப் பார்த்து 2016-ல் எழுதினார்கள். 13 வயதுக்குள் வறுமை குறைந்த பகுதிக்குப் போனவர்கள் இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். 13 வயதுக்குப் பிறகு போனவர்களுக்கு லாபம் இல்லை; சற்று நஷ்டமே.

பள்ளி மதிப்பெண் உயராமலே வாழ்க்கை உயர்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பள்ளிப் பத்தியில் தேடியது தெருவில் இருந்திருக்கிறது. வயது பற்றிய முடிவு இன்னும் நடைமுறையானது: மூன்று வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்கு நல்ல பகுதியின் கூடுதல் வாடகை பதினைந்து ஆண்டு முதலீடு, பதினைந்து வயதுப் பிள்ளையை நண்பர்களிடமிருந்து பிரித்து இரண்டு ஆண்டுக்காக இடம் மாற்றுவது, பணமும் கொடுத்து இழப்பையும் வாங்குவது. வீட்டில் முதியவர் இருந்தால் அவருக்கு மருத்துவமனையும் மேடுபள்ளமில்லாத நடைபாதையும்தான் பாதுகாப்பு. இரவுப் பணி முடிந்து வருகிறவருக்குப் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல் வரையிலான தூரமும் விளக்கும். இப்படி ஒவ்வொருவரும் தங்கள் நேரத்தில், தங்கள் வழியில் ஒருமுறை போய்வந்த பிறகு கூடிப் பேசினால், மதிப்பெண் பட்டியலில் இல்லாத பலவும் மேசைக்கு வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் இரண்டு இடங்கள் சமமாக நிற்கலாம். நிற்பது இயல்பு என்று தொடக்கத்திலேயே பார்த்தோம். அப்போது எதிலிருந்து வெளியேறுவது எளிதோ அதை எடுப்பேன்: ஒப்பந்தக் காலம் குறைவானது, முன்பணம் சிறியது, வீட்டுக் கடன் கேட்காதது. ஒப்பந்தம் பள்ளி ஆண்டு முடியும் மாதத்தில் முடிகிறபடி தேதி போட்டுத் தரச் சொல்லி உரிமையாளரிடம் கேட்டுவிடலாம், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.